தேளி மீன்களோடு மட்டாஞ்சேரிக்கு

பாலக்காட்டில் வண்டி மாறும்போதே விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நானும் என் கணவர் ராமசாமியும் ஆளுக்கொரு பால் கேனை அணைத்தபடியே உட்கார்ந்திருந்தோம். கேன்களின் மேல் கறுப்புத் துணி, அதன்மேல் கம்பளி. உள்ளே தேளி மீன்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் மதுரைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. மீனின் உடம்புக்குள் கடிகாரம் ஒன்று ஓடுகிறதா என்பதுதான் எங்கள் குழுவின் கேள்வி. தேளி, தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகிற மீன். பகலில் எப்போதாவது வரும். இருட்டிவிட்டால் அடிக்கடி வரும். சூரியனே தெரியாத அறையில் வைத்தாலும் அந்தி நேரம் அதற்குத் தெரியுமா என்று பல வாரங்களாகப் பார்த்துவந்தோம். தெரிந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரிக் கிணறு வற்றிப்போனது. மட்டாஞ்சேரியில் இதே வேலையில் இருந்த ஒரு குழு, தங்கள் இருட்டறையில் இடம் தருவதாகச் சொன்னது. வழியில் ஒரு தடவை வெயில் பட்டாலும் மீனின் கடிகாரம் மாறிவிடும். அத்தனை வார உழைப்பும் வீண். என் உதவித்தொகையோ அந்தக் கோடையோடு முடிகிறது.

முற்பகலில் வெலிங்டன் தீவுத் துறைமுக ஸ்டேஷனில் இறங்கினோம். காயலுக்கு அந்தப் பக்கம் மட்டாஞ்சேரி கண்ணுக்குத் தெரிந்தது. படகுத்துறையில் காக்கிச் சட்டை அதிகாரி ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். கப்பல்கள் நிற்கிற இடம். மூடிக் கட்டிய கேனைச் சந்தேகப்படுவது அவர் வேலை.

"எந்தா இதில்? துறக்கு."

"மீன் சார்," என்றார் ராமசாமி.

"தமிழ்நாட்டீந்து கொச்சிக்கு மீனோ?"

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். அதிகாரி தானே திறக்கத் துணியில் கை வைத்தார். நான் அவர் கைக்கு முன்னால் என் கையை வைத்தேன்.

"வெளிச்சம் படக் கூடாது சார். பட்டா என் படிப்பே போச்சு."

"வெயில் கொள்ளாத மீனோ? துறக்கு பெண்ணே."

அப்போதுதான் பையிலிருந்த டார்ச் ஞாபகம் வந்தது. கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியது. அந்த மங்கிய வெளிச்சம் தேளிகளைக் கலைப்பதில்லை.

"கம்பளிக்குள்ள வந்து பாருங்க சார். எவ்வளவு நேரம் வேணாலும் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார், சுமைக்காரர்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி ஒருவனிடம் கொடுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். டார்ச்சை ராமசாமி கையில் கொடுத்து, அதிகாரியையும் அவரையும் கேனையும் சேர்த்துக் கம்பளியால் மூடி, ஓரங்களை மிதித்துக்கொண்டு நின்றேன். உள்ளே மூடி திறக்கும் சத்தம். பிறகு, "அய்யோ, காரியாணு!" என்று குரல் வந்தது. தேளிக்கு அந்த ஊரில் காரி என்றுதான் பெயர்.

இரண்டாவது கேனையும் அப்படியே பார்த்தார். வியர்த்து வழிய வெளியே வந்து, "முள்ளு குத்தும். சூட்சிக்கணும்," என்று எனக்கே ஜாக்கிரதை சொன்னார். படகுக்காரரைக் கூப்பிட்டு, "இவரெ ஆத்யம் கயற்று," என்றார். எங்களைத்தான் முதலில் ஏற்றினார்கள்.

மட்டாஞ்சேரியில் இறங்கியதும் சுக்கும் மிளகும் மூக்கில் ஏறின. அந்த ஊர்க் குழுவின் தலைவி லட்சுமி டீச்சர் கைவண்டியோடு காத்திருந்தார். தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம்.

"வந்தாச்சா? மீன் சொகமா? நீங்க ஏன் இப்படி வாடிப் போயிட்டேள்? முதல்ல சாயா குடிங்கோ."

பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்தது இருட்டறை. சிவப்பு விளக்கில் மீன்களைத் தொட்டியில் விட்டோம். அத்தனையும் உயிரோடு இருந்தன. ஆனால் கம்பளி எங்காவது விலகியிருந்தால்? அதை அந்திதான் சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

சாயங்காலம் நானும் டீச்சரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தோம். மீன்கள் அடியில் கிடந்தன. தெருவில் மூட்டை இறக்கும் சத்தம் ஓய்ந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஒரு தேளி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. ஒன்று வந்தால் போதுமா? அப்புறம் இன்னொன்று. அது கீழே போவதற்குள் இரண்டு சேர்ந்து வந்தன.

"நோக்கு, நோக்கு!" டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அதுக்குத் தெரியறது, கேட்டியா! பேடிக்க வேண்டாம்."

பயம் விட்டுப்போய் நான் அழுதேன். இருட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். டீச்சர் முந்தானையை நீட்டினார். அன்று இரவு மரவள்ளிக் கப்பையும் கடலைக்கறியும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மீன்களை டீச்சரின் பொறுப்பில் விட்டுக் கிளம்பும்போது, "கடல் பார்த்தேளா?" என்று கேட்டார் டீச்சர். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து போன முதல் வெளியூர் அது. வண்டியை விட்டுவிடலாம் என்றார் ராமசாமி. பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். மதுரையில் சூரியன் வீடுகளுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். இங்கே தண்ணீருக்குள் இறங்குவதை நின்று பார்க்கலாம். மணலில் உட்கார்ந்து, மெல்ல இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பல வாரங்களுக்குப் பிறகு, இருட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.