பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள்

"இந்த வரி என்னத்துக்குக் காணும்? எடுத்துப்போட்டு ஹோட்டல்காரற்ற சின்னத்தைப் போடும்."

முதலாளியின் விரல் வரைபடத்தின் கீழ் ஓரத்து நன்றி வரியில் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நுவரெலியாவில் அச்சகம் வைத்திருந்தார். நான் அங்கே வடிவமைப்பாளர். வடிவமைப்பாளர் என்றால் கல்யாணக் கார்டில் பிள்ளையாரை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்துகிறவர். இரண்டாயிரங்களின் கடைசியில்தான் மரியாதையான வேலை ஒன்று வந்தது. கந்தப்பளைப் பக்கத்து ஹோட்டல் ஒன்று, விருந்தினர் தேயிலைத் தோட்டங்களுக்குள் நடந்து திரிய ஒரு மெப், அதாவது வரைபடம், கேட்டது.

கடையில் கிடைத்த மெப்புகளில் கார் போகும் ரோடு இருந்தது, மனுசன் நடக்கும் குறுக்குப் பாதை இல்லை. இணையத்தில் தன்னார்வலர்கள் கூடி வரையும் திறந்த வரைபடத்தில் இருந்தது. அதை யாரும் எடுக்கலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று போட வேண்டும். அதை வைத்து நாம் செய்ததையும் அதே உரிமத்தில் அடுத்தவருக்கு விட வேண்டும். உரிமம் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் பல பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள்; வக்கீல்களும் பிழைக்க வேண்டாமா?

"எடுக்க ஏலாது சேர். அந்த வரிதான் அதுக்கு விலை."

"ஓசியில எடுத்த மெப் எண்டு விருந்தினர் நினைப்பினமாம். மனேஜர் சொல்லுறார்."

ஞாயிற்றுக்கிழமை வேலை

முதலாளிக்குத் தெரியாத விசயம் ஒன்று உண்டு. அந்தக் குறுக்குப் பாதைகளில் பாதி நான் வரைந்தவை.

மகளின் படிப்புக்காக மனைவியும் அவளும் கொழும்பில். எனக்கு நுவரெலியாவில் ஒரு போர்டிங் அறை, அதில் என்னைவிட அதிகமாகப் புத்தகங்கள். வாசித்த வரிகளை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். போர்டிங் ஐயாவுக்குக் காது மந்தம். ஆகவே ஞாயிறுகளில் பழைய ஜிபிஎஸ் கருவி ஒன்றோடு நடக்கப் போவேன். நடந்த தடத்தைக் கம்பியூட்டர் வழியே அந்தத் திறந்த வரைபடத்தில் ஏற்றினால் பாதை.

விறகு சுமந்து வந்த ஒரு அக்கா ஒருநாள் நிறுத்திக் கேட்டார்: "என்னாங்க, கையில வச்சுப் பாத்துக்கிட்டே போறீங்க? கரண்டு அளக்கிறீங்களா?"

"பாதை வரையிறேங்க."

"பாதைதான் கீழயே கெடக்கே! வேற வேல இல்லீங்களா?"

இல்லை என்றுதான் பதில். சிரித்துவிட்டு நடந்தேன்.

தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றுக்குப் பின்னாலிருந்து ஆறுவரை ஒரு பாதையை நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது, திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் மெப்பில் பார்த்தால் எதிர்க்கரையிலிருந்து ஒரு பாதை இறங்கி வந்து, ஒரு நடைபாலத்தில் என்னுடையதோடு சேர்ந்திருந்தது. வரைந்தவரின் பெயர் 'பனிக்கரடி'. பாலத்துக்கு ஒரு குறிப்பும் போட்டிருந்தார்: "ஒரு பலகை இல்லை. கவனம்."

அந்த வருசம் முழுவதும் என்னிடம் யாரும் 'கவனம்' என்று சொன்னது அது ஒன்றுதான்.

கையெழுத்து

வேறு வழியில்லாமல், பாதைகளை நானும் வரைந்தேன் என்பதை முதலாளியிடம் சொன்னேன். மனுசனுக்கு ஒரே சந்தோசம்.

"அட, நீர்தானோ அந்த ஆள்! அப்ப ஏன் காணும் சண்டை? எடுக்கலாம் எண்டு ஒரு கையெழுத்துப் போட்டுத் தாரும்."

"பாதிதாங்க சேர் என்னுது. மிச்சம் இன்னொருத்தருது."

"அவரையும் கூப்பிடும்."

"யாருன்னு தெரியாதுங்க."

"எங்க இருக்கிறார்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "முகம் தெரியாத ஒருத்தனுக்காகவோ என்னோட மல்லுக்கு நிக்கிறீர்? ஹோட்டல் ஓடர் போனால் உம்மட வேலையும் போகும், தெரியுமோ?"

"தெரிஞ்ச ஆளா இருந்தா பிறகு நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுக்கலாங்க சேர். தெரியாத ஆளுகிட்ட எங்க போய்க் கேக்கிறது?"

முதலாளி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்து மனேஜரிடம், "அது சட்டம், ஒண்டும் செய்யேலாது" என்றார். வைத்துவிட்டு என்னிடம், "துலைஞ்சு போகட்டும், இருக்கட்டும். ஆனால் பூதக்கண்ணாடி வைச்சுப் பார்க்கிற அளவில இருக்கட்டும்" என்றார்.

பனிக்கரடிக்கு அந்த வரைபடத் தளத்தின் வழியே செய்தி அனுப்பினேன். மெப் அச்சாகிறது, நம் பாலம் அதில் இருக்கிறது என்று. பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் வரையவும் இல்லை. வெளிநாடு போனாரோ, கல்யாணம் கட்டினாரோ, செய்வதற்கு வேறு வேலை கிடைத்ததோ.

சட்டம்

ஹோட்டல் வரவேற்பறையில் பெரிய பிரதி ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பில் கொடுக்கப் போனபோது பார்த்தேன். அழகாக இருந்தது. சட்டம் போட்டவர் வெள்ளை ஓரத்தை நறுக்கென்று வெட்டியிருந்தார். வரி குப்பைக் கூடையில்.

"வேணும்னு வெட்டலீங்க," என்றார் மனேஜர். உண்மைதான். "இதனால யாருக்கு என்னாங்க நட்டம்?"

 வேறு பிரதி கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். கொண்டு போனேன், நானே மாட்டினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். உரிமத்தைக் கடைசிவரை வாசியுங்கள். நன்றி வரியை வெள்ளை ஓரத்தில் வைக்காதீர்கள். ஓரம் வெட்டுவதற்கென்றே இருப்பது. மெப்புக்கு உள்ளே வையுங்கள். அந்த இரண்டாவது பிரதியில் நான் அதை ஆற்றங்கரை ஓரமாக வளைத்து, நடைபாலத்துக்கு அடியில் வைத்தேன். இனி அதை வெட்டுகிறவர் பாலத்தையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். அப்புறம் விருந்தினர் ஆற்றில் இறங்கித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.