அம்மா காட்டிய இருமல்

அம்மா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவளைப் பற்றி யார் கேட்டாலும் அந்த ஆஸ்பத்திரிக் கதையைத்தான் சொல்கிறேன்.

அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் இருமினால் மேஸ்திரி கூலி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் எங்கள் லைன் வீடுகளில் எல்லாருமே இருமலை விழுங்கப் பழகியவர்கள்.

ஒரு பனிக்காலத்தில் அவளுடைய இடது கால் சில்லிட்டுப்போனது. எங்கள் மலையில் யார் கால்தான் சூடாக இருக்கிறது? பாதம் நீலம் பாய்ந்த பிறகுதான் ஜீப் பிடித்து ஊட்டிக்கு ஓடினோம். ரத்தக்குழாயில் அடைப்பு, உடனே ஆபரேஷன், இல்லையென்றால் கால் போய்விடும் என்றார்கள்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்து கேட்டார்.

"இருமல், இளைப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். "சொல்லும்மா" என்றேன். என் தொடையில் கிள்ளினாள்.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்தார். "அடைப்ப எடுத்ததும் ரத்தம் திரும்பப் பாயுமுங்க. அப்பக் குழாயோட உள்பக்கம் புண்ணாகலாம். எந்த மயக்க மருந்துங்கறதப் பொறுத்து அது கூடலாம், கொறையலாம். உங்க நெஞ்சு எப்படின்னு தெரிஞ்சாத்தான் எதக் குடுக்கறதுன்னு நான் முடிவு பண்ண முடியும்."

"இருமல் இருந்தா ஊட்டுக்கு அனுப்பிற மாட்டீங்களே?"

"அதுக்கேத்த மருந்தாத் தருவோமுங்க."

"அப்பச் செரி. இந்தாங்க, என்ற இருமல்."

முந்தானையை எடுத்துவிட்டு இருமினாள். கட்டிலே ஆடியது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இத்தனையும் எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

"பெரட்டுல காட்டறதில்லீங்க."

நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, முழு மயக்கம் வேண்டாம், காலை மட்டும் மரத்துப்போக வைக்கலாம், அதில் ரத்தக்குழாயும் இறுகாமல் இருக்கும் என்று முடிவு செய்தார். ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு நர்ஸ் வெளியே வந்து, "உங்கம்மா பேச்ச நிறுத்தவே மாட்டேங்கறாங்க" என்று அலுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பாதத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. "மருந்து மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க மறைச்சிருந்தா நான் வேற மருந்து குடுத்திருப்பேன்" என்றார் டாக்டரம்மா. மேஸ்திரிக்கு முன்னால் வாயே திறக்காத என் அம்மா, தன் காலுக்காக வாயைத் திறந்தாள். அதற்கப்புறமும் மேடேறிக் கொழுந்து பறித்தாள்.

அந்த நெஞ்சுதான் கடைசியில் அவளைக் கொண்டுபோனது. படுக்க வைத்ததும் வழக்கப்படி கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். நான்தான் கட்டினேன். சேர்த்துக் கட்ட இரண்டு கால் இருந்தது. அழுதுகொண்டே இருந்தேன், பெருமையாகவும் இருந்தது.