பைப்பில் இல்லாத சுரம்

கான்வென்ட்டில் படித்தபோது பள்ளி பேண்டில் பைப் ஊதிய நாங்கள், வேலைக்குப் போன பிறகும் அதை விடவில்லை. தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி ஊதுகிற அதே ஸ்காட்லாந்து பைப்தான். என்னோடு படித்தவள் ஒருத்தி கோல் பிடித்து முன்னால் நடப்பாள். டிரம்கள் அவளுடையவை, பேண்டும் அவள் சொன்னபடிதான். கட்டம் போட்ட பாவாடை, முழங்கால்வரை சாக்ஸ், வெள்ளைக்கார மார்ச் மெட்டுகள். சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்பவர்களிடம் முகத்துக்கு நேராக முடியாது என்பாள். அதில் நானும் அவள் பக்கம்தான்.

ஒருமுறை கனகசெட்டிக்குளம் என்கிற கடலோரக் கிராமத்தில் ஒரு சின்ன மாதா கோயில் தேருக்குப் போனோம். தேருக்குப் பின்னால் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் ஊத ஆரம்பித்ததும் அவர்கள் குரல் அமுங்கிவிட்டது. தேர் நின்றதும், மீன் விற்கும் அம்மாள் ஒருவர் நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, வருஷா வருஷம் நாங்க பாடற பாட்டு. உங்க சத்தத்துல மாதாவுக்கே கேட்டிருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. அவரையே பாடச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டேன்.

பைப்பில் ஒன்பதே சுரங்கள். அந்தப் பாட்டு ஓரிடத்தில் அதற்கும் மேலே ஏறியது. அந்த இடத்தை மட்டும் கீழே இறக்கிப் பழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்த அம்மாளிடம் ஊதிக் காட்டினேன்.

"அந்த எடத்துல தப்பா ஊதற."

"பைப்ல அந்த சுரம் இல்லம்மா."

"இல்லன்னா எங்க பாட்ட ஏன் வெட்டற?"

"அப்ப அந்த அடிய நீங்க பாடுங்க. நான் கீழ் சுரத்தப் புடிச்சிக்கினு நிக்கறேன்" என்றேன். பாடினார். நின்றேன். அவர் குரல் தனியாக மேலே ஏறி இறங்கியது. அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த தேரில் இதை ஊதலாம் என்றேன்; கோல் பிடிப்பவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னிக்கி மாதா பாட்டு, நாளைக்கி குத்துப்பாட்டு. அப்புறம் நாம யாருடி?"

"சுதி சேக்கறதுல எதையாவது விட்டேனா? விரல் வேலையில விட்டேனா? மெட்டு மட்டும்தான் நம்ம ஊருது."

"என் டிரம் அதுக்கு அடிக்காது."

அடுத்த வருஷத் தேரில் முதல் தெரு முழுக்க மார்ச்தான், பிசிறில்லாமல் வாசித்தோம். கடல் பக்கம் திரும்பியதும் நான் மாதா பாட்டை எடுத்தேன். டிரம்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். பக்கத்தில், என்னிடம் அதைப் பழகியிருந்த இரண்டு பேர் சேர்ந்து ஊதினார்கள். பின்னாலிருந்து கைதட்டலில் தாளம் வந்தது. அந்த அடி வந்ததும் நாங்கள் கீழ் சுரத்தில் நின்றோம். பெண்கள் பாடினார்கள். வடம் பிடித்த ஆண்களும் பாடினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும் முன் என்னிடம் வந்து, "இனிமே நீ வேற, நான் வேற" என்றாள். டிரம்களோடு பாதிக்கு மேல் ஆட்கள் அவளோடு போனார்கள். வலித்தது. செய்தது தப்பென்று ஒரு நாளும் தோன்றவில்லை.

இப்போது நாங்கள் மூன்று பைப். கனகசெட்டிக்குளத்து மேளக்காரர்கள் இரண்டு பேர் எங்களுக்குத் தாளம். சென்ற மாதம் டவுனில் ஒரு திருவிழாக் கமிட்டிக்காரர் போன் செய்தார்.

"மார்ச் மட்டும் வாசிக்கறதா இருந்தா வாங்கம்மா. மேளம் வேணாம்."

"மேளம் இல்லன்னா நாங்களும் இல்ல சார்."

அவர் அவளுடைய பேண்டை அழைத்துக்கொண்டார். போய்ப் பார்த்தேன். அருமையாக வாசித்தார்கள், கை வலிக்கத் தட்டினேன். அவள் கவனித்தாள், சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டாம்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் மொட்டைமாடியில்தான் ஒத்திகை. மேளமும் பைப்பும் சேர்ந்தால் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைப் படீரென்று சாத்துகிறார். சாத்தட்டும். மீன்கார அம்மாள் இன்னொரு பாட்டு சொல்லிக் கொடுத்திருக்கிறார். அது இன்னும் கஷ்டம். பழக எடுத்தாகிவிட்டது.