நீலச் சேவல்

இன்று காலை கணினியைப் புதுப்பித்தபோது, இனித் தேவைப்படாதவை என்று சில பெயர்களைக் காட்டி, நீக்கலாமா என்று கேட்டது. அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் பிரிண்டிங் பசையின் நெடி மூக்கில் ஏறியது.

அது ஒரு நிரல் நூலகம். நாம் எழுதும் நிரலுக்கும் திரைக்கும் நடுவே நின்று, 'இங்கே ஒரு சாளரம் திற, இந்தப் புள்ளியைச் சிவப்பாக்கு' என்று எடுத்துச் சொல்லும். யாரோ எழுதி, யாரும் படிக்கலாம் என்று திறந்து வைத்தது.

அவிநாசி சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. மாடியில் நான் திறக்கும் டிசைன், கீழே பிரிண்டிங் கூடத்துத் திரையிலும் தெரிய அந்த நூலகத்தை வைத்து ஒரு நிரல் எழுதியிருந்தேன். பெருமைக்குக் குறைச்சல் இல்லை. கீழே இருந்தது யாரோ கழித்துக் கட்டிய வேறு ரகக் கணினி. பிரிண்டிங் மாஸ்டர் தங்கராஜ் அண்ணன் தூத்துக்குடிக்காரர். துணியைத் திரையில் ஒட்டிப் பிடித்துத்தான் நிறம் பார்ப்பார். திரைக் கண்ணாடியில் எப்போதும் பசைக் கறை. குடும்பத்தை இங்கே அழைத்து வந்து, மகளைப் பள்ளியில் சேர்த்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தக் கணினி வந்த வாரம், குழந்தைச் சட்டைக்குச் சிவப்புச் சேவல். மாதிரி மாலைக் கூரியரில் போக வேண்டும். அண்ணன் அடித்து வைத்திருந்தது அத்தனையும் நீலம்.

"ஏனுங்க மாஸ்டர், சேவல் எங்கீங்க நீலமா இருக்குது?" என்றார் முதலாளி.

"தெரையில உள்ளதத்தான் அடிச்சேன் மொதலாளி. வெளிநாட்டுக்காரன் கேட்டா மயில மஞ்சளாவும் அடிக்கணும்லா?"

முதலாளி சிரிக்கவில்லை. மாடித் திரையில் சேவல் சிவப்பாகத்தான் இருந்தது. "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க." எங்கள் பக்கத்தில் வேலையை விட்டு அனுப்புவதற்கும் ஒரு 'ங்க' உண்டு.

கீழே ஓடிப் பார்த்தேன். திரையில் நீலச் சேவல். நூலகத்தின் நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். எழுதியவர் நடுவில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: எல்லாத் திரையும் சிவப்பை முதலில் எதிர்பார்ப்பதில்லை, சில நீலத்தை எதிர்பார்க்கும், அனுப்புமுன் திரையிடமே கேளுங்கள், கேட்காமல் நான் இரண்டு நாளைத் தொலைத்தேன் என்று. நானும் கேட்டிருக்கவில்லை; சிவப்பென்று நான் முதலில் அனுப்பிய அளவை அந்தத் திரை நீலம் என்று எடுத்துக்கொண்டது. கேட்டுவிட்டு அனுப்பும்படி என் நிரலில் ஒரு வரி சேர்த்தேன்.

"செவந்துட்டாம்லே!" என்று அண்ணன் கத்தினார்.

தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொன்னேன். "அப்ப உன்னைய அனுப்பட்டுமா கண்ணு?" என்றார்.

"அவன் போனா மயிலு மஞ்சளாயிரும் மொதலாளி," என்றார் பின்னாலேயே வந்த அண்ணன். இந்த முறை முதலாளி சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் போயி வேலையப் பாருங்க." மாலைக்குள் சிவப்புச் சேவல் கிளம்பியது.

அண்ணன் மகள் அதே பள்ளியில் பிளஸ் டூ வரை படித்தாள். முன்பின் தெரியாத ஒருவர் தொலைத்த இரண்டு நாளுக்கு அதில் பங்கு உண்டு. அவருக்கு நன்றி எழுத நினைத்து எழுதாமலே விட்டேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். துணியை யாரும் திரையில் ஒட்டிப் பார்ப்பதில்லை. அந்த நூலகத்தின் நிரலைத் தேடி எடுத்துப் படித்தேன். குறிப்பு அப்படியே இருந்தது. அது எச்சரிக்கும் ரகத் திரைதான் எங்கும் இல்லை. நிரலில் இருந்த அவருடைய முகவரிக்கு நன்றிக் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டு, நீக்கலாம் என்று அழுத்தினேன்.