சூசையப்பர் சாப்பாடும் எக்ஸ்டெர்ன் பாறைகளும்

பிலோமினா அக்காவுக்கு ஐந்தாவது முயற்சியில் ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. அதனால்தான் 2007 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ரயிலும் பஸ்ஸும் பிடித்து எக்ஸ்டெர்ன் பாறைகளைப் பார்க்கப் போனோம். உரிமம் கிடைத்தவர் ஏன் பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

அக்கா மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஜெர்மனியில் இந்த பீலெஃபெல்டுக்கு வந்து இருபது வருடமாகிறது. நான் மதுரைக்காரி. இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கோயில், சர்ச் இரண்டுக்கும் அதிகம் போகிறவள் இல்லை. ஆனால் பாறை, காடு, பழைய சிற்பம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எழுத்துத் தேர்வுக் கேள்விகளை நான்தான் அவருக்குத் தமிழில் விளக்கினேன். அதில் முதல் தடவையே தேறிவிட்டார். சாலையில்தான் சிக்கல். எந்தச் சந்திப்பு வந்தாலும் வண்டியை நிறுத்தி, மற்றவர்களை முதலில் போகும்படி கையைக் காட்டுவார். தனக்கு முன்னுரிமை இருந்தாலும் அப்படித்தான். அடுத்தவரைக் காக்க வைத்துவிட்டுத் தான் முந்திப் போவது அவருக்கு வராது. நான்கு தேர்வாளர்கள் இந்த மரியாதைக்காகவே அவரைத் தோற்கடித்தார்கள்.

நான்காவது தோல்விக்குப் பிறகு அக்கா யேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரிடம் நேர்ந்துகொண்டார். அவருடைய ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு முதியவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று மூன்று பேரை உட்கார வைத்து, அவர்களையே சூசையப்பர், மாதா, குழந்தை யேசு என்ற திருக்குடும்பமாக நினைத்துச் சாப்பாடு போட வேண்டும். மூவரும் முன்பின் தெரியாதவர்களாக இருக்க வேண்டும், பசியோடு இருக்க வேண்டும், ஒன்றாக உட்கார வேண்டும். அவர்கள் கை கழுவிய பிறகுதான் நேர்ந்தவர் வாயில் எதையும் வைக்கலாம். இதோடு அக்கா தானாகவே ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நேர்த்தி தீரும் வரை ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.

திங்கட்கிழமை காலை அவர் புது வேலையில் சேர வேண்டும். காரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளையும் முதியவர்களையும் கவனிக்கும் வேலை. பல வருடம் ஹோட்டல் அறைகளைத் துடைத்து முழங்கால் தேய்ந்த பிறகு கிடைத்தது. உரிமம் இருப்பதால்தான் கொடுத்தார்கள். கார் ஓட்டாவிட்டால் வேலை இல்லை, சாப்பாடு போடாவிட்டால் கார் இல்லை. சனிக்கிழமை பீலெஃபெல்ட் ரயில் நிலையத்தில் ஒரு முதியவரைக் கண்டுபிடித்தோம். அவர் சோறு வேண்டாம், காசாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். எக்ஸ்டெர்ன் பாறைகளைப் பற்றி ஒரு கையேட்டில் படித்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் குறைந்த பழமையுள்ள சிற்பம், அதில் ஜோசப் என்பவரும், அதாவது சூசையும், இருக்கிறார் என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வருவார்கள், அங்கேயே மூன்று பேரைப் பிடித்துவிடலாம் என்றேன். அக்கா உடனே சம்மதித்தார். எனக்கும் பாறைகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது, மறைக்கவில்லை.

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். பீலெஃபெல்டிலிருந்து லாகே என்ற ஊரில் மாறி டெட்மோல்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து பாறைகளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. கோடையில் வார இறுதிகளில் ஒரு சுற்றுலா பஸ் ஓடுகிறது. ரயிலும் பஸ்ஸும் சேர்த்து இருவருக்கும் இருபது யூரோவுக்குள் முடிந்தது. எங்களிடம் இரண்டு குளிர்காப்புப் பைகள் இருந்தன. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, பாயசம், பிஸ்கட் டப்பாவில் அப்பளம். லாகே வருவதற்குள் எங்கள் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் மீன் குழம்பு பற்றித் தெரிந்துவிட்டது. அக்கா பட்டினி. அவர் சாப்பிடாமல் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று நானும் பட்டினி. நாள் முழுக்க அந்தப் பைகளைத் தூக்கியது நான்தான்.

பஸ் வழியில் ஹெர்மன் சிலைக்கு அருகே நிற்கிறது. காட்டு மலை உச்சியில் வாளை உயர்த்திக்கொண்டு நிற்கும் பிரம்மாண்டமான பச்சை நிற வீரன். இறங்கிப் பார்த்தோம். அக்கா நெற்றிக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

“ஆர் பிள்ளை இவர்? மிக்கேல் சம்மனசோ?”

“இல்லக்கா, ரோமன் ஆர்மியைத் தோக்கடிச்ச ஹீரோ. சாமி இல்ல.”

“அப்ப ஏன் தலையில செட்டை?”

அவருடைய தலைக்கவசத்தில் உண்மையிலேயே இறக்கைகள் இருக்கின்றன. சம்மனசுக்கு, அதாவது தேவதூதருக்கு, அது முதுகில்தான் முளைக்க வேண்டும், இவர்கள் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்பது அக்காவின் தீர்ப்பு. அங்கே முதியவர்களும் குழந்தைகளும் நிறைய இருந்தார்கள். சாமி இல்லாத இடத்தில் திருக்குடும்பத்தை உட்கார வைக்க ஏலாது என்றுவிட்டார்.

பன்னிரண்டரைக்குப் பாறைகளுக்கு வந்து சேர்ந்தோம். காட்டுக்கு நடுவே, ஒரு சிறு குளத்தின் ஓரத்தில், மரங்களைவிட உயரமாகத் தூண் தூணாக எழுந்து நிற்கும் மணற்கற்கள். பக்கத்தில் வேறு பாறையே கிடையாது. இவை மட்டும் வரிசையில் நிற்க வந்தவை போல நிற்கின்றன. ஒன்றரை யூரோ கொடுத்தால் படியேறி மேலே போகலாம். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு ஒரு சிறு பாலம், அதற்கு அப்பால் கூரையில்லாத பழைய வழிபாட்டுக் குகை, அதில் ஒரு வட்டச் சாளரம். இன்னொரு தூணின் உச்சியில் இப்போதே விழப்போவது போல ஒரு பெரிய கல் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அதை இரும்புக் கொக்கி போட்டுப் பிணைத்திருக்கிறார்கள். விழாத கல்லையும் விழாமல் கட்டி வைக்கும் நாடு இது.

சிற்பம் முதல் பாறையின் அடியில் இருக்கிறது. சிலுவையிலிருந்து யேசுவின் உடலை இறக்குகிறார்கள். ஒருவர் மேலே நிற்கிறார், இன்னொருவர் உடலைத் தோளில் தாங்குகிறார். மேல் மூலைகளில் சூரியனும் சந்திரனும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுகிறார்கள். அந்தச் சூரியனுக்காகவே இன்னொரு முறை போவேன். நான் தோளில் தாங்குபவரைச் சுட்டிக் காட்டி, இவர்தான் உங்கள் ஜோசப் என்றேன். அக்கா சிலுவை அடையாளம் போட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பிள்ளை, இது அரிமத்தியாச் சூசை, யேசுவை அடக்கம் பண்ணினவர். எங்கட சூசையப்பர் இதுக்கு முந்தியே காலமாயிட்டார்.”

எனக்குத் தரையே பிளந்துவிடாதா என்றிருந்தது. மூன்று மணி நேரப் பயணம், இரண்டு பை சாப்பாடு, ஆள் மாறிவிட்டது. அக்கா மறுபடியும் சிற்பத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, “காரியமில்லை. இவரிட்டச் சொன்னா அவருக்குப் போய்ச் சேரும்,” என்றார்.

குளக்கரையில் எங்கள் வேட்டை தொடங்கியது. ஜெர்மன் பேசுவது என் பொறுப்பு. முதல் குடும்பம் அப்போதுதான் சாப்பிட்டு முடித்து டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தது. இரண்டாவது குடும்பமும் அப்படியே. இந்த ஊரில் பன்னிரண்டு மணிக்குப் பிறகு பசி என்பதே இருப்பதில்லை. கொண்டை வைத்து நீளப் பாவாடை கட்டிய ஒரு பெண் பாறையடியில் சிறு மேளம் தட்டிக்கொண்டிருந்தார். இங்கே பழைய சக்திகள் இருப்பதாக நம்பி வருகிறவர்கள் பலர். அவர் எங்கள் சாப்பாட்டை ஆசையோடு பார்த்தார், அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார், தான் மூன்றாம் நாள் உபவாசத்தில் இருப்பதாகச் சொன்னார். அக்கா அவரை மதித்து நகர்ந்தார். நான் மதிக்கும் நிலையில் இல்லை.

அடுத்து, போய்வந்த ஊர்களின் சின்னத் தகடுகளை அறைந்த கைத்தடியோடு ஒரு முதியவர். நான் பேசத் தொடங்கியதுமே கையை உயர்த்தினார். எந்தச் சபையிலும் சேர விருப்பமில்லை, எதுவும் வாங்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். அப்போதுதான் எங்களைப் பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும் என்று யோசித்தேன். தெரியாத இரண்டு பெண்கள், புன்னகை, இலவசச் சாப்பாடு. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். கீழ்வீட்டு அம்மாள் போன வருடம் நீட்டிய பிளம் கேக்கை, டயட்டில் இருக்கிறேன் என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பியவள்தானே நான். யாராவது எதையாவது கொடுத்தால், பதிலுக்கு என்ன கேட்பார்களோ என்ற கணக்கு எனக்கும் ஓடுகிறது.

நான்கரை மணிக்குக் கைவிட்டோம். கடைசி பஸ் ஐந்து மணிக்கு முன்பே. அக்கா நிறுத்தத்து பெஞ்சில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நாளைக்கு ஏலாதெண்டு போன் பண்ணிச் சொல்லுங்கோ பிள்ளை. உங்கட ஜெர்மன் நல்லது, மரியாதையாச் சொல்லுவீங்கள்.”

நான் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் ஐம்பது தாண்டிய பெண், குட்டை நரைமுடி. இருபது நிமிட இடைவேளை என்று சொல்லிக்கொண்டே இறங்கியவர், மூக்கைச் சுளிக்காமல் விரித்தார். இது என்ன வாசனை என்று கேட்டார். கொண்டுவந்த ரொட்டியைக் காலையிலேயே தின்றுவிட்டாராம், கடை மூடிவிட்டதாம். அக்காவின் முகத்தில் விளக்குப் போட்டது போல ஆயிற்று. தட்டு வந்தது, சோறு வந்தது, கத்தரிக்காய் வந்தது. ஓட்டுநர் முள்கரண்டியை எடுத்ததும் அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் உட்கார்ந்தால்தான் ஒருவரும் தொடலாம்.

நான் விளக்கினேன். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே இல்லை. நிறுத்தத்தை நோக்கி வந்துகொண்டிருந்தவர் அதே கைத்தடி முதியவர், கூடவே ஒரு பெண்பிள்ளை. ஓட்டுநர் எழுந்து நின்று, பஸ் பயணிகளை அழைக்கும் குரலில் சொன்னார்.

“இது சபை இல்லை, கத்தரிக்காய்! உட்காருங்கள், நீங்கள் உட்காராமல் என்னால் தின்ன முடியாது.”

முதியவர் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரலுக்கு யாரும் உட்காருவார்கள். பெண்பிள்ளை அவர் பேத்தி. கறுப்புச் சட்டை, கறுப்பு நகம், கறுப்பு உதட்டுச்சாயம், மூக்கில் வளையம், அக்காவைவிட ஒரு சாண் உயரம்.

“இது குழந்தையோ?” என்று அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் அதைக் கவனமாக மொழிபெயர்த்தேன். ஓட்டுநர் அந்தப் பெண்ணிடம் பயணச்சீட்டை வாங்கி அக்காவின் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். குழந்தைச் சீட்டு. பதினான்கு வயது. பதினைந்து ஆகும் வரை தன் பஸ்ஸில் இவள் குழந்தைதான் என்றார். பேத்தி எங்கள் எல்லோரையும் வெறுத்தாள். அக்கா சீட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, “ஓம், எழுதியிருக்கு,” என்று திருப்திப்பட்டார்.

சாப்பிடுவதற்கு முன் முதியவர் ஏன் நாங்கள் என்று கேட்டார். மன்னாரில் இது ஏழைகளுக்குப் போடும் சாப்பாடு என்பதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்தேன், பிடிபட்டேன், உண்மையைச் சொன்னேன். அவர் யோசித்தார். உலகப் போர் முடிந்தபோது, இன்று போலந்தில் இருக்கும் சிலேசியாவிலிருந்து அம்மாவோடு நடந்தே வந்தாராம், ஒரு பண்ணையில் உருளைக்கிழங்கு கொடுத்தார்களாம். “அப்போது நான் நல்ல ஏழை. இப்போது பென்ஷன் வருகிறது. பழையது செல்லுமா?” என்றார்.

செல்லும் என்றார் அக்கா. முதியவர் நெற்றியிலிருந்து மார்புக்குச் சிலுவை போட்டுவிட்டுத் தட்டை எடுத்தார். அதைப் பார்த்து அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். குழந்தை யேசுவாக உட்கார்ந்திருந்தவள் இறைச்சி மீன் தொடமாட்டாளாம். கத்தரிக்காயை மூன்று தடவை கேட்டு வாங்கினாள். அப்பளத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். பஸ் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அதற்காக ஓட்டுநர் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார், காரணம் சொல்லவில்லை.

பஸ்ஸுக்குள் சாப்பிடக் கூடாது. டெட்மோல்ட் நிலையத்தில், ஆறிப்போன மீன் குழம்பை அக்காவும் நானும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சுற்றுலா பஸ் கோடைக்காலத்தில் மட்டும்தான், நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். படிகள் குறுகலானவை, மழை பெய்தால் வழுக்கும். சிற்பத்தைப் பார்க்கக் காசு வேண்டாம், காலை வெளிச்சத்தில் சூரியனின் அழுகை நன்றாகத் தெரியும். ஹெர்மனுக்கு ஒரு மணி நேரம், பாறைகளுக்கு மூன்று மணி நேரம் போதும். யாராவது தெரியாதவர்கள் சாப்பாடு நீட்டினால், கொஞ்சமாவது வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மறுநாள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மாலை அக்கா போன் செய்தார். ஒன்பது வீடுகளுக்கும் காரில் போய் வந்துவிட்டார், ஒரு கீறல் இல்லை. ஆனால் பின்னால் எடுத்து இரண்டு காருக்கு நடுவில் நிறுத்த வரவில்லையாம், ஒவ்வொரு வீட்டுக்கும் அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தாராம். அதனால் புதிதாக நேர்ந்திருக்கிறார். இந்த முறை ஆறு பேர். பீலெஃபெல்ட் பக்கம் வருகிறவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கக் கூடாது, பசியோடு வர வேண்டும், குழந்தைச் சீட்டு இருந்தால் மறக்காமல் கொண்டுவாருங்கள்.