லுவ்சான் சுவரில் போட்ட ஓட்டை

கட்டிக்கொண்டிருந்த புதுவீட்டின் தெர்மாகோல் சுவரில் மூன்றாவது நாளும் ஓட்டை விழுந்திருந்தது. முழங்கால் உயரத்தில், விரல் பருமனில், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை. கொத்தனார் பூரெவ் குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"லுவ்சான் அண்ணே, இது எலி வேலை இல்ல. இந்த எடத்துல ஏதோ இருக்கு. லாமாவக் கூப்பிட்டு மந்திரம் வாசிக்கச் சொல்லுங்க."

"நீ ஒழுங்கா அடைடா. பேய் தானா ஓடிரும்."

பேய் லுவ்சான்தான். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் வடக்கு மேட்டில், பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு இருபத்தாறு குளிர்காலமாகக் கரி போடுகிறவர். விடிந்ததும் வேலை முடித்து மேடேறி வருவார். கரி கிளறும் கம்பியால் புதுச்சுவரில் ஒரு குத்து. பிறகுதான் பக்கத்திலிருக்கும் தம் பழைய கம்பளிக் கூடாரத்துக்குள் போய்ப் படுப்பார். காற்று நுழையாத சுவர் அருகில் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

வீடு மகள் தெல்கெருக்காக எழும்பிக்கொண்டிருந்தது. குளிர் முற்றும் மாதத்தில் அவளுக்குப் பிரசவம். கைக்காசு ஒன்றுக்குத்தான் காணும்: ஒன்று நல்ல அடுப்பு, இல்லை தடித்த சுவர்.

"புகை சுத்திப் போற மாதிரி செங்கல் சுவரும் நல்ல அடுப்பும் கட்டினா, பாதிக் கரியில ரெண்டு பங்கு சூடு. கரி போடறவன் சொல்றேன், கேளு," என்பார் லுவ்சான்.

"ஓட்டைப் பானையில எவ்வளவு ஊத்தினா என்னப்பா? சுவர் தடிமனா இருந்தா சின்னக் கரண்ட் ஹீட்டரே போதும். அடுப்பு இருக்கிற வீட்டுல எம்புள்ளையப் படுக்க வைக்க மாட்டேன். அடுப்புதான்னா சொல்லிருங்க, நான் நாத்தனார் வீட்டு மாடிக்கே போயிடறேன்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாதுதான். ஆனால் இந்த வீட்டில் பூனைகள் இரண்டு. ஒன்று அடுப்புக்குப் பயந்தது, இன்னொன்று சுவருக்கு.

ஏழு வருஷத்துக்கு முன், இதே கூடாரத்தில், அவர் மனைவி யஞ்சிமா தூக்கத்திலேயே இறந்துபோனாள். கூடாரத்தின் உச்சித் துளையை மூடும் கம்பளியை விடிந்ததும் இழுத்துத் திறப்பது இந்த மேட்டில் எல்லோர் வழக்கமும். வெயில் ஏறியும் அது மூடியே கிடந்தால் அந்த வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அன்று மூடியே கிடந்தது. அடுப்பில் கரி சரியாகப் பற்றாமல் விஷப்புகை கட்டிக்கொண்டது என்றார்கள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. மேடு முழுவதற்கும் அடுப்புப் புத்தி சொன்னவர் வீட்டில்தான் அது நடந்தது.

நான்காம் நாள் விடியலில் கம்பி சுவருக்குள் பாதி இறங்கியிருந்தபோது, பின்னால் தெல்கெர் நின்றாள்.

"நீங்களா? ஏம்ப்பா?"

லுவ்சான் கம்பியை விடவில்லை.

"உங்கம்மாவுக்கு அன்னிக்கு நெஞ்சுச் சளி. காத்து கடிக்குதுன்னா. உச்சிக் கம்பளிக்கு மேல பிளாஸ்டிக் தாள் போட்டுக் கட்டினேன். கதவடியில பழந்துணி திணிச்சேன். ஊசி நுழைய எடமில்லாம அடைச்சிட்டு வேலைக்குப் போனேன். காலையில வந்து... மொதல்ல அந்தத் தாளத்தான் அவுத்தேன். அப்புறந்தான் ஆளுங்களக் கூப்பிட்டேன்."

தெல்கெர் வயிற்றைப் பிடித்தபடி செங்கல் குவியலில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஹாஸ்டலுக்குக் கெளம்பறப்ப கடைசியாக் கரி போட்டது நான். அடுப்ப நெறச்சு வெச்சிட்டுப் போனேன். நான்தான் அம்மாவக் கொன்னேன்னு ஏழு வருஷமா..." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உண்மை உங்களுக்குத் தெரியும். வாயே தொறக்கல."

மகள் அப்படியொரு பாரம் சுமந்தது லுவ்சானுக்குத் தெரியாது. தம் மானத்தைக் காக்க மறைத்தது பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்தபோது யஞ்சிமா செத்த அன்றைவிட அதிகமாக வலித்தது.

அவள் எழுந்து அவர் கையிலிருந்து கம்பியை உருவிக்கொண்டாள். பூரெவ் வந்ததும் சொன்னாள்: "அடுப்பு வேண்டாம். சுவரத் தடிமனாப் போடுங்க. இந்த ஓட்டைய மட்டும் பெருசாக்கி, குழாய் வெச்சு மூடி போடுங்க. தொறக்கறதும் மூடறதும் இனிமே என் கையில."

அன்றிலிருந்து அவரை அவள் அப்பா என்று கூப்பிடவில்லை.

மார்கழிக் குளிரில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் புதுவீட்டில், லுவ்சான் கூடாரத்தில். தினமும் விடிந்ததும் அந்தச் சுவர்மூடி திறக்கிறதா என்று பார்ப்பார். திறந்தால்தான் உப்புப் பால்டீயின் முதல் கரண்டியை வழக்கப்படி வானத்துக்குப் படையலாகத் தெளிப்பார்.

ஒருநாள் வெயில் வேலிக்கு மேல் ஏறியும் மூடி திறக்கவில்லை.

உள்ளே தீயே கிடையாது, விஷப்புகைக்கு வழியில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கால் தானாக ஓடியது. சுவரோரம் மண்டியிட்டுக் காதை வைத்தார். சத்தமில்லை. தட்டக் கை எழவில்லை; தட்டிப் பதில் வராவிட்டால்? ஏழு வருஷத்துக்கு முன் நின்ற அதே முற்றத்தில், அதே வெயிலில், வெறுங்கையோடு இருந்தார். யஞ்சிமா பின்னால் நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மூடி கிரீச்சென்று திறந்தது. குழாய் வழியாகச் சூடான காற்றும் பால்வாசனையும் அவர் முகத்தில் பட்டன.

"தூங்கிட்டோம்ப்பா," என்றது தெல்கெரின் குரல். "எந்திரிங்க. தரை ஜில்லுனு இருக்கும்."