நாலு பத்து வந்தவாசி பஸ்

போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் இரண்டு போண்டா வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறி, 'அக்னாலெட்ஜ்மென்ட்' என்ற தலைப்பு பளிச்சென்று தெரிந்தது. யாரோ ஒரு மாணவன் பிரின்சிபாலுக்கும் துறைத் தலைவருக்கும் பெற்றோருக்கும் உருகி உருகி நன்றி சொல்லியிருந்தான். கல்லூரியில் பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். போண்டாவில் உப்பு கம்மி. சரி, சொல்ல வந்தது அதுவல்ல.

கடைசி வருஷம் நானும் ஜெயசீலனும் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட், ஆரணி பஸ் நேரங்களைச் சொல்லும் மொபைல் ஆப். சேர்ந்து என்றால், ப்ரோகிராம் முழுக்க அவன் எழுதினான். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நேரம் குறிப்பது என் வேலை. பேனா பிடிக்கத் தெரிந்தவன் என்று என்மேல் அவ்வளவு நம்பிக்கை. மார்கழி முழுக்கக் குறித்தேன். சர்ச் பாட்டுக் குழுவோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்ததால் அவன் சரிபார்க்க வரவில்லை. தனியார் பஸ்காரர்கள் அந்த மாதம் காட்டிய ஒழுங்கு இருக்கிறதே! வந்தவாசி பஸ் நாலு பத்து என்றால் நாலு பத்துதான். பெரணமல்லூர் பஸ் ஒரே ஒரு நாள் மூன்று நிமிஷம் தாமதம். அதையும் சிவப்பு மையில் குறித்து வைத்தேன்.

ஜெயசீலனுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது. எதிலும் தோற்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. எனக்கு அந்தக் கவலை இல்லை. கைவசம் ஏற்கெனவே இரண்டு அரியர் இருந்தன.

பங்குனியில் வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வந்தவாசிக்காரர். ஆப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"நாலு பத்துக்கு வந்தவாசி பஸ்ஸா? நானும் அங்கதான் போவணும். வாங்க, பஸ் வந்தா மார்க்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரென்று நினைத்தேன். மனுஷன் மார்க் தாளையும் கையெழுத்துப் போடவேண்டிய எங்கள் ரிப்போர்ட்டின் கல்லூரிக் காப்பியையும் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நாலு பத்து ஆனது. நாலு இருபதும் ஆனது. கலசப்பாக்கம் பஸ் வந்தது. அதை யாரும் கேட்கவில்லை. ஜெயசீலன் மொபைலை எடுத்து ஆப்பில் நேரத்தை மறுபடி சரிபார்த்தான். அவன் வேலையை நான் காலி பண்ணிவிட்டேன் என்று தெரிந்துபோயிற்று.

ஓரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "இன்னாத்துக்குப்பா அந்தப் பக்கமே பாத்துகினு நிக்கிறீங்க?"

"வந்தவாசி பஸ்ஸுக்குக்கா."

"இன்னிக்கு முகூர்த்தமாச்சே. அந்த பஸ்ஸு காலையிலியே கல்யாணத்துக்குப் போயிட்ச்சு. அஞ்சு மணிக்குத்தான் வேற வண்டி. இதுகூடத் தெரியாம பேஜார் பட்டுகினு!"

கல்யாணப் பட்டுச் சேலையை நம்பிப் பாதி ஊர் சாப்பிடுகிற ஆரணியில், கல்யாணமே நடக்காத மாதத்தில் பஸ் நேரம் குறித்த அறிவாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"அப்ப நாளைக்கு ஓடுமாம்மா?" என்றார் தேர்வாளர்.

"நாளைக்கு ஓடும். நாளான்னிக்கு ஓடாது." கை பூவை விடவில்லை. முகூர்த்தத்துக்கு மாலை கட்டுகிறவருக்கு, எந்த வண்டி எந்த நாள் கல்யாணத்துக்குப் போகும் என்பது விரல்நுனியில் இருந்தது.

தேர்வாளர் பையை முட்டியில் வைத்துக்கொண்டு அங்கேயே மார்க் போட்டார். ஜெயசீலன் எட்டிப் பார்த்துவிட்டு மூச்சு விட்டான். பாஸ். அப்புறம் கல்லூரிக் காப்பியை என்னிடம் நீட்டினார். "இவங்களுக்கும் நன்றி போடு. உங்க ப்ராஜெக்ட்ட முடிச்சுக் குடுத்தது இவங்கதான்."

பைண்டு பண்ணி, அட்டையில் தங்க எழுத்தும் போட்டாகிவிட்டது. பிரின்சிபால் பெயருக்குக் கீழே நீலப் பேனாவால் எழுதினேன். பெயர் கேட்டதும் அக்கா பயந்தார். "எதுக்குப்பா? போலீஸா?" பிறகு இனிஷியலோடு சொன்னார். தேர்வாளருக்கு ஐந்து மணி வண்டியில் சீட்டும் பிடித்துக் கொடுத்தோம்.

போன வாரம் அந்தப் போண்டாத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அந்த ஓரத்துக்குப் போனேன். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். பூக்கார அக்காவைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பரண்மேலிருந்த என் காப்பியை இறக்கினேன். பிரின்சிபால் இருக்கிறார், துறைத் தலைவர் இருக்கிறார், லேப் அட்டெண்டர்கூட இருக்கிறார். அக்கா பெயரைக் கல்லூரிக் காப்பியில் மட்டும்தான் எழுதினோம்.

ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். அவன் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான்.

"டேய், அந்தப் பூக்கார அக்கா பேரு இன்னாடா?"



"நீதானடா எழுதின," என்றான்.